தேத்தாங்கொட்டை

நான் திருப்புலி நாட்டுக்கு வந்து சேர்ந்தபோது மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகளில் செம்மண் தண்ணீர் ரோட்டின் குறுக்கே பாய்ந்து பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, “கலங்கலா வருது, மேல நல்ல மழைதான்” என்றார்.

கலங்கல். ஆறு மாதமாக நான் இந்தச் சொல்லோடும் இதன் சுற்றத்தாரோடும்தான் இருக்கிறேன்.

கொல்லிமலையில் ஊராட்சிக்கு நாடு என்று பெயர். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று 14 நாடுகள். திருப்புலி நாடு அவற்றில் ஒன்று. இங்கே நண்பர் வீடு இருக்கிறது. நாலு நாள் சும்மா இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அம்மா போய் ஆறு மாதம்.

*

கடைசி மூன்று வருடம் அம்மாவுக்கு நினைவு தப்பிக்கொண்டே வந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு நீளமான பெயரும் அதன் வாலில் ‘டிஸ்ஆர்டர்’ என்ற சொல்லும் இருந்தன. வரிசை கெட்டது என்று பொருள். அடுக்கி வைத்த பாத்திரங்கள் சரிந்து கிடப்பதுபோல ஒரு படத்தை அந்தச் சொல் எனக்குள் வைத்தது. நானும் ரொம்ப நாள் அதைத் திருப்பி அடுக்கப் பார்த்தேன். நாள்காட்டி ஒட்டினேன். ஆட்களின் படத்துக்குக் கீழே பெயர் எழுதி வைத்தேன். “இல்லம்மா, அது பெரியவன். நான் சின்னவன்” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திருத்தினேன். திருத்தத் திருத்த அம்மாவின் முகம் இன்னும் கலங்கியது.

பெரியம்மா தாளைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தைத்தான் பார்த்தார். “கொழம்பிட்டா” என்றார்.

இரண்டு சொல்லும் ஒன்றையே சொல்கின்றன என்று அன்றைக்கு நினைத்தேன்.

*

குழம்புதல் என்றால் ஒன்றோடு ஒன்று கலந்து, கெட்டிப்பட்டு, எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆவது. சோற்றில் ஊற்றிக்கொள்கிற குழம்பும் அதே சொல்தான். புளியும் மல்லியும் மிளகாயும் காயும் சேர்ந்து கொதித்தது. அடுப்படியில் ‘குழம்பு கூட்டுவது’ என்பார்கள். கூட்டினால்தான் குழம்பு. அந்த அடியிலிருந்தே குழப்பு, குழப்பம், குழப்படி எல்லாம் வந்தன. மலையாளத்திலும் குழப்பம் உண்டு. அங்கே அது தொல்லை, கேடு என்று சற்றுக் கடுமையான பொருளில் வழங்குகிறது. ‘குழப்பமில்லா’ என்பது அங்கே நாள் முழுக்கக் காதில் விழும் ஆறுதல்.

கிரேக்கர்கள் ‘கேயாஸ்’ என்றார்கள். அதன் வேரில் இருப்பது வாய் பிளந்த வெறுமை, ஒரு பெரும் பிளவு. ஒன்றும் இல்லாத இடம் அது. நம் குழப்பத்தில் எல்லாம் இருக்கிறது, அளவுக்கு மேலேயே இருக்கிறது. புளி புளியாகவே உள்ளே இருக்கிறது. தனியாக எடுத்துக் காட்டத்தான் முடியாது.

அகராதியில் இதைப் படித்த இரவு வெகு நேரம் விழித்திருந்தேன். அம்மா என்னைத் தன் தம்பி பெயரால் கூப்பிட்டார். 1960களின் ஒரு திருவிழாவை நேற்று நடந்ததாகச் சொன்னார். தன் தாய் பால் வாங்கப் போயிருப்பதாகவும், வந்ததும் என்னைக் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். நோய் மூளையைத் தின்றது என்பது உண்மை. அதை மறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அங்கே தம்பி இருந்தார், திருவிழா இருந்தது, பால் செம்பு இருந்தது. அலமாரியில் இருக்க வேண்டிய ஒழுங்கில் இல்லை, அவ்வளவுதான். பெரியம்மாவின் சொல் அந்த முகத்துக்குப் பொருந்தியது. தாளில் இருந்தது நோய்க்குப் பொருந்தியது.

*

களேபரம். இந்தச் சொல்லைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை.

கல்யாண வீட்டில் சமையல்காரர் வராவிட்டால் களேபரம். பஸ் நிலையத்தில் தீபாவளிக்கு முதல் நாள் களேபரம். இப்படித்தான் நாம் சொல்கிறோம். வடமொழியில் களேபரம் என்றால் உடம்பு. பழந்தமிழ் நிகண்டு வழக்கிலும் உடம்பு, பிணம் என்றுதான் பொருள். மலையாளத்தில் இன்றைக்கும் பிணம்தான். பூரி ஜகந்நாதர் கோயிலில் பழைய மரத்திருமேனிகளை அடக்கம் செய்துவிட்டுப் புதிய மரத்தில் செய்து வைக்கும் விழாவுக்கு நவகளேபரம் என்று பெயர், அதாவது புது உடம்பு. கடைசியாக 2015இல் நடந்தது.

உடம்பு எப்படி ரகளை ஆயிற்று? அகராதி வழி சொல்லாது. எனக்குத் தோன்றுவது சாவு வீடு. நடு வீட்டில் ஒரு உடம்பு அசையாமல் கிடக்கிறது. அதைச் சுற்றி மற்ற எல்லாம் அசைகிறது. ஒருவர் பந்தல்காரருக்கு போன் போடுகிறார், ஒருவர் ஐஸ்பெட்டிக்கு ஆள் அனுப்புகிறார், பிள்ளைகளுக்கு யாராவது சாப்பாடு கொடுத்தார்களா என்று ஒரு குரல் கேட்கிறது, வாசலில் செருப்புகள் மலையாய்க் குவிகின்றன. அம்மாவை நடு வீட்டில் கிடத்தியிருந்த அன்று இந்தச் சொல்லின் இரண்டு பொருளுக்கும் நடுவில் நான் நின்றேன்.

அப்போது தோளைத் தொட்டு ஒவ்வொருவராகச் சொன்னது ஒரே வாக்கியம்: “மனசத் தேத்திக்கோப்பா.”

*

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நண்பரின் ஆயா மண்குடம் ஒன்றை இழுத்து வைத்தார். குழாயில் வந்த தண்ணீரே டீ நிறத்தில் இருந்தது. மழை பெய்தால் ரெண்டு நாளைக்கு இப்படித்தான் வரும் என்றார். மாடத்திலிருந்து ஒரு சிறு கொட்டையை எடுத்தார். சட்டைப் பொத்தான் அளவு, உருண்டையாக, சற்றே சப்பையாக. மங்கிய மஞ்சள். குடத்தின் உள்வாயில் கையை விட்டு, ஈரமான மண்சுவரில் வைத்து வட்டமாகத் தேய்த்தார். வெள்ளையாய் ஒரு விழுது சுவரில் வழிந்து தண்ணீரில் இறங்கியது. அகப்பையால் ஒரு கலக்கு. மேலே தட்டை வைத்து மூடினார்.

“என்ன ஆயா அது?”

“தேத்தாங்கொட்ட. இப்ப ஆட்டாத, அசைக்காத. அதும்பாட்டுக்கு இருக்கட்டும்.”

தேற்றாங்கொட்டை என்று நூல்கள் எழுதும். அச்சில் பார்த்திருக்கிறேன். அவர் வாயில் கேட்டபோதுதான் தோளைத் தொட்டவர்களின் குரல் திரும்பி வந்தது. தேத்திக்கோ. தேத்தாங்கொட்டை. தேறு என்றால் தெளிவது. தேற்று என்றால் தெளிய வைப்பது. தண்ணீருக்கும் மனசுக்கும் தமிழ் இரண்டு சொல் வைக்கவில்லை.

*

கலித்தொகையில் இதே கொட்டை வருகிறது. நெய்தற்கலியில், நல்லந்துவனார் பாடியது. பிரிவினால் புத்தி கலங்கி, ஊரார் பார்க்கத் தெருவில் அழுதும் சிரித்தும் திரிகிறாள் ஒருத்தி. அவன் வந்து சேர்ந்ததும் தெளிகிறாள். கலங்கிய நீர் இந்த விதையால் தெளிவதை அவளுக்கு உவமை சொல்கிறார் புலவர். மரத்துக்கு அங்கே ‘இல்லம்’ என்று பெயர். வீட்டுக்கும் இல்லம், தண்ணீரைத் தெளிய வைக்கும் மரத்துக்கும் இல்லம். இது தற்செயலாகவே இருக்கலாம். எனக்கு அதை இரண்டாம் முறை யோசிக்கப் பிடித்திருக்கிறது.

தாவர நூலில் இந்த மரம் ஸ்ட்ரிக்னோஸ் பொட்டாட்டோரம். பின்பாதிக்கு, குடிப்பவர்களுடையது என்று லத்தீனில் பொருள். விஷத்துக்குப் பேர்போன எட்டியும் இதே ஸ்ட்ரிக்னோஸ் பேரினம்தான். ஒரு குடும்பத்தில் ஒன்று கொல்கிறது, ஒன்று தண்ணீரைத் தெளிவிக்கிறது. கலங்கல் நீரில் மண்துகள்கள் ஒன்றை ஒன்று விலக்கித் தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அதனால்தான் எவ்வளவு நேரம் வைத்தாலும் அடங்க மறுக்கின்றன. கொட்டையின் விழுது அவற்றை ஒட்டித் திரட்டுகிறது. திரண்டது கனக்கிறது. கனத்தது இறங்குகிறது. மண்ணைக் குடத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

வடமொழியில் இது கதகம். சுஸ்ருத சம்ஹிதை நீரைத் தெளிவிக்கும் பொருள்களில் இதைச் சொல்கிறது. சங்கரர் செய்ததாக வழங்கும் ஆத்மபோதம் இதை ஞானத்துக்கு உவமை ஆக்கியது. அழுக்கை இறக்கிவிட்டுக் கதகப் பொடியும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும், ஞானமும் அப்படி என்று. மனுஸ்மிருதியில் வேறொரு இடம். அந்த நூலோடு எனக்குச் சண்டை நிறைய உண்டு. ஆனால் அதில் ஆறாம் அத்தியாயத்தில், கதகம் நீரைத் தெளிவிப்பது உண்மைதான் என்றாலும் அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் நீர் தெளிந்துவிடாது என்ற கருத்து வருகிறது. ஆறு மாதமாக அகராதியைப் புரட்டிக்கொண்டிருப்பவன் அந்த இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும்.

*

தெளிவு என்ற சொல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று இன்று காலை எழுதிப் பார்த்தேன்.

கொங்குப் பக்கம் பதநீருக்குத் தெளுவு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் தேறினான். காய்ச்சல் போய் உடம்பு தேறியிருக்கிறது. பிதாகரஸ் தேற்றம். உறுதியாக அழுத்திச் சொல்லும்போது வருகிற ஏகாரம் தேற்றேகாரம்; தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் பொருள்களில் அது ஒன்று. திருக்குறளின் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல். அங்கே தெளிதல் என்றால் ஒருவரை நம்புவது. ஒரு மனிதரை நம்புவதற்கும் அடிமண் தெரிகிற தண்ணீருக்கும் ஒரு சொல். வாசல் தெளிப்பது, விதை தெளிப்பது என்று சிதறி இறைப்பதற்கும் தெளி என்றே சொல்கிறோம். அது வேறு வேராகவும் இருக்கலாம், காதுக்கு ஒன்றுதான்.

பிறகு ரசம். எங்கள் வீட்டில் ரசச் சட்டியை எடுத்து வரும்போது அம்மா கேட்பார்: “தெளிவா ஊத்தவா, கலக்கி ஊத்தவா?” அப்பாவுக்குத் தெளிவு. எனக்குக் கலக்கி, அடியில் பருப்பும் தக்காளியும் மண்டியுமாக. அம்மா என்னை யாரென்று அறியாத நாட்களிலும், தட்டுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, கையில் கரண்டி இல்லாமலேயே இதைக் கேட்டார். எதிரே இருப்பது மகனா தம்பியா விருந்தாளியா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி அது. “கலக்கி ஊத்தும்மா” என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

நான் திருத்தாமல் விட்ட நேரங்கள் இவைதான். இன்னும் அதிகமாக விட்டிருக்கலாம்.

*

பகலில் நண்பரோடு மேட்டுக் காடுகளைப் பார்த்து வந்தேன். கேழ்வரகுக்கு ஊடே அவரை, ஓரத்தில் கடுகு, வரப்பில் ஆமணக்கு. கீழ்நாட்டுக் கண்ணுக்கு இது குழப்பமாகத் தெரியும். இங்கே கலப்புப் பயிர். ஒன்று பொய்த்தால் ஒன்று கை கொடுக்கும். சாமையிலேயே மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று பிரித்துச் சொல்ல ஆயாவுக்குத் தெரியும். என் கண்ணுக்கு ஒரே புல்.

இப்போது பல காடுகளில் குச்சிக்கிழங்கு மட்டும் நேர் நேராக நிற்கிறது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற கிழங்கு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்த ஒழுங்கு எனக்கு உவப்பாக இல்லை. சாமைக் காடு குறையக் குறைய அந்தப் பெயர்களைச் சொல்லும் வாயும் குறைகிறது. ஆனால் ஆலையில் நடப்பது இந்தக் குறிப்பேட்டுக்கு உரியது. கிழங்கை அரைத்துப் பிழிந்த பாலைத் தொட்டியில் விட்டு, அசையாமல் வைப்பார்கள். மாவு அடியில் படியும். அங்கே மேலே நிற்கும் தண்ணீரை விட்டுவிட்டு மண்டியைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் ஜவ்வரிசி ஆகிறது.

*

கொட்டையைத் தேய்த்து வைத்த மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு ஆயா எழுந்துவிட்டார். நானும் போய்க் குடத்தருகில் குந்தினேன். தட்டை எடுத்ததும் முதலில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. குடத்தின் உள்வளைவு, நேற்றுத் தேய்த்த வெள்ளைத் தடம், அடியில் விரற்கடை உயரத்துக்குச் சிவப்பு. விளக்கைக் கிட்டே கொண்டு போனபோது சிவப்பின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் ஒன்று தெரிந்தது. கொட்டையும் இறங்கிப் படிந்திருந்தது.

அவர் குடத்தைச் சாய்த்து, அடி கலங்காமல், எவர்சில்வர் குடத்துக்குத் தண்ணீரை மாற்றினார். அவசரம் காட்டவில்லை. சிவப்பு விளிம்புக்கு வரப்போகிற நேரத்தில் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை வெளியே கொண்டு போய் அவரைக் கொடியின் தூரில் ஊற்றினார். குடத்தைக் கவிழ்த்தார்.

எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். குடித்தேன். குளிர்ந்திருந்தது, லேசாக மண் மணத்தது.

கொட்டையை முந்தானையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. மறுபக்கம் இன்னும் உருண்டை.

“இன்னும் நாலு மழைக்கு வரும்” என்று வாங்கி மாடத்தில் வைத்தார்.