வேனிற் பனியும் பழி கூறுதலும்

முயன்றான் ஒருவன் பயன் பெறாதொழிந்தவிடத்து, அவன்பாற் குற்றம் யாதேனும் இருத்தல் வேண்டுமெனத் துணிதல் உலகத்தார் பலர்க்கும் இயல்பு. அத்துணிபு நியாயமாமோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது. இதனை விளக்குதற்கு ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைநாட்டு இளவேனிற் காலத்தை எடுத்துக்கொள்வாம்.

அம்மலைநாட்டில் இளவேனில் நிலையுடையதன்று. மலைகடந்து இறங்கும் வறண்ட காற்று, நூறு மீற்றர் இறங்குந்தோறும் ஏறத்தாழ 1 பாகை வெப்பம் மிகப்பெற்றுப் பள்ளத்தாக்குகளைச் சின்னாளில் வேனிலாக்கும். பின்னர் வடதிசைக் குளிர்காற்றுப் புகுந்த ஓரிரவிலே வெண்பனி பெய்து நிலத்தை மூடும். இதனை அறிந்தே அங்குள்ள உழவர் மே 11 முதல் 15 வரையுள்ள நாட்களைப் பனி அடியார் நாட்களென வழங்கி, அவை கழியுமுன் இளம்பயிரை வெளியில் நடாதிருத்தலை மரபாகக் கொண்டனர்.

உறக்கநிலையிலுள்ள ஆப்பிள் மொட்டு, பூச்சியத்திற்குக் கீழ் 20 பாகைக் குளிரையும் பொறுக்கும். மலர்ந்த பின்னரோ 2, 3 பாகைக் குளிரே அதனைக் கருக்கப் போதும். 2017 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் சுவிற்சலாந்தில் வெப்பம் மிகுந்தமையால் மரங்கள் முந்தி மலர்ந்தன. ஏப்பிரில் 20 ஆந் திகதியையொட்டிய இரவுகளில் வந்த உறைகுளிர், கனிமரங்களையும் கொடிமுந்திரிகையையும் பெரிதும் அழித்தது. அதற்கு முந்திய ஆண்டில், ஏப்பிரில் இறுதியில், ஒஸ்திரியாவின் ஸ்டைரியா மாகாணத்திலும் அத்தகைய கேடு நிகழ்ந்தது.

இத்தகைய இரவுகளில் உழவர் வாளாவிருப்பாரல்லர். மரங்களிடையே தீ வளர்ப்பர். மலர்மேல் இரவு முழுதும் நீர் தெளிப்பர். நீர் பனிக்கட்டியாகும்போது வெளிப்படும் வெப்பம் மலரைக் காக்கும். இடையில் நீர் நின்றுபோமாயின், தெளியாதிருந்ததனினும் கேடு மிகும். குளிர் மிக்கவிடத்து இவ்வளவுஞ் செய்தாருள்ளும் இழந்தார் உளர். சரிவின் மேற்புறத் தோட்டம் பிழைக்க, குளிர்காற்றுத் தேங்கும் தாழ்நிலத் தோட்டம் கருகுதலும் உண்டு.

இழந்தார்க்கு யாது கூறுவது? எல்லாம் ஊழ் என்பார் ஒருசாரார். அங்ஙனமாயின், இரவெல்லாம் நீர் தெளித்தோன் அறிவிலியாவான். எல்லாம் முயற்சி என்பார் மற்றொருசாரார். அங்ஙனமாயின், இழந்தோன் மடியனாவான். முன்னையது கையைத் தளர்த்தும். பின்னையது நெஞ்சை வன்மையாக்கும். திருவள்ளுவர் ஊழுக்கும் ஆள்வினையுடைமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தமை நோக்குக. நமது கடமையை எண்ணுங்கால் முயற்சியையும், பிறனது இழப்பை எண்ணுங்கால் முயற்சிக்கு அடங்காதவற்றையும் முன்வைத்தல் அறம். உலகத்தாரோ இதனை மாற்றி, தமக்கு ஊழையும் பிறர்க்கு முயற்சியையும் சொல்வர்.

நெகிழ்ந்திருந்து இழந்தோன் இலனோ எனின், உளன். ஆயின், கருகிய மலரைக் கண்டமாத்திரையின் அவனை ஏனையோனினின்றும் பிரித்தறிதல் இயலாது. அவ்விரவில் அவன் செய்தது யாதென வினவியறிதல் வேண்டும்.

பரீட்சையில் தவறிய மாணாக்கனிடத்தும் இதுவே முறை. புள்ளியொன்றையே நோக்குவார்க்கு, விளையாடிப் பொழுது கழித்தவனும், நோயுற்ற தாய்க்குப் பணிசெய்து எஞ்சிய பொழுதிற் கற்றவனும் ஒருதன்மையரே. ஆதலால் ஆசிரியர் வைதற்குமுன் வினவுக. வினவியபின் நெகிழ்ந்தவனைத் திருத்துதலும், முயன்றவனைத் தேற்றுதலும் எளிதாம். அனைத்தையும் இழந்த உழவன் மறுவாண்டும் தன் மரங்களைப் பேணுதல், தான் செய்யத்தக்கது செய்தேன் என்னும் தெளிவினாலன்றோ? அத்தெளிவை மாணாக்கன் நம் சொல்லால் இழவாவண்ணங் காத்தல் நங்கடன்.