தன்னைத் தானே எடைபோடுதல்

போதைக்கு அடிமையாகும் வாய்ப்பு தனக்கு எவ்வளவு என்று ஒருவர் தாமே கணிப்பதில் ஒரு பழைய சிக்கல் உண்டு: தீர்ப்புச் சொல்ல வேண்டிய மனமேதான் குற்றவாளிக் கூண்டிலும் நிற்கிறது. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வதும் இதற்கு நெருக்கமானது. இருட்டு பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதையாவது காட்டும். ஆணவம் தன்னையும் மறைத்துக்கொள்ளும்.

மனம் மறைப்பதை வெளியிலிருந்து அளக்கும் முயற்சிகளும் உண்டு. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தில் போதை நோய்களுக்கென்றே தனி மையம் இயங்குகிறது. குடிநோயாளிகளின் மகன்களிடம், அவர்கள் மதுவைத் தொடும் முன்பே, மூளை மின்னலைகளில் வேறுபாடு தெரிவதை அங்குள்ள ஆய்வாளர்கள் 1990களில் பதிவுசெய்தனர். குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையால் வருவது என்பது இரட்டையர் ஆய்வுகளின் கணிப்பு. இதை முன்வினை என்று சொல்லிக் கைகழுவுவது சோம்பேறித்தனம். மீதிப் பாதியில் குடிக்கத் தொடங்கிய வயது, மனச்சோர்வு, கூட்டாளிகள் எல்லாம் அடங்கும்.

குடிப்பழக்கத்தை எடைபோட மருத்துவர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் பிரபலமானவை: குறைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா? பிறர் குறைசொல்லி எரிச்சல் வந்ததா? குற்ற உணர்வு உண்டா? காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆம்’ என்றாலே விரிவான பரிசோதனை தேவை. இவற்றில் இரண்டாவதுதான் கூர்மையானது; அது பிறர் கண்ணை உள்ளே கொண்டுவருகிறது. போதை சிகிச்சையில் நோயாளி சொல்வதோடு நிறுத்தாமல் மனைவியையோ தாயையோ மருத்துவர்கள் தனியே விசாரிப்பதும் அதனால்தான்.