வாயால் சொன்ன ‘இல்லை’

பத்தமடைக்காரருக்குப் பொறுமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். பச்சைக் கோரையைக் கீறி, உலர்த்தி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி உலர்த்தி, அதன் பிறகே தறிக்குக் கொண்டுவருகிற ஊர் இது. ஒரு பட்டுப்பாய்க்காக வாரக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருக்கிற நீங்கள், ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒருவர் “போயிட்டு அடுத்த மாசம் வாங்க” என்றதும் மனுவைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பலாமா?

பாதிப் பேர் அந்த வாசல் வரைகூடப் போவதில்லை. “மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் எடுத்தா ஊருக்குத் தெரிஞ்சுபோகும், கல்யாணம் தட்டிப்போகும்.” அட, பிள்ளை தெருவில் இரண்டடி நடந்தாலே ஊருக்குத் தெரியும். தெரியாமல் இருப்பது அரசாங்கத்துக்கு மட்டும்தான்!

1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. தசைச்சிதைவு, பார்க்கின்சன், தலசீமியா, எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் கற்றல் குறைபாடு எல்லாம் அதில் உண்டு. “பார்த்தா ஒண்ணும் தெரியாதே” என்று நீங்களாகவே உங்களைத் தள்ளுபடி செய்யாதீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இரண்டு எண்களை மனத்தில் வையுங்கள். பெரும்பாலான உதவிகளுக்கும் வேலை இடஒதுக்கீட்டுக்கும் 40 சதவீதக் குறைபாடு. தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்குக் கை கால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் என்றால் 75. அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு என்றால் அதற்கும் 40 போதும். இந்த வித்தியாசம் தெரியாமல் “நமக்குக் கிடைக்காது” என்று உட்கார்ந்துவிட்ட வீடுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஆதார், புகைப்படம், மருத்துவச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் அங்கேயே பதிவாகும். பிறகு அரசு மருத்துவமனையில் பரிசோதனை. சான்று இல்லை என்றாலோ, சதவீதம் குறைவாகப் போட்டாலோ கண்ணைக் கசக்காதீர்கள். “காரணத்தை எழுத்துல குடுங்கய்யா” என்று கேளுங்கள். எழுதித் தந்த முடிவை எதிர்த்து 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்ன ‘இல்லை’க்கு எந்த மேல்முறையீடும் கிடையாது.

தென்காசிப் பக்கத்து ஆய்க்குடி ராமகிருஷ்ணனைத் தெரியுமா? 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். 2020-இல் பத்மஸ்ரீ வந்தது. கையைக்கூட அசைக்க முடியாதவர் ஒரு நிறுவனத்தையே நடத்தியிருக்கிறார். உங்களிடம் நான் கேட்பது விண்ணப்பத்தில் ஒரே ஒரு கையெழுத்து. கைநாட்டானாலும் சரி.

அரசு தரும் அந்தப் பராமரிப்புத் தொகை பிச்சை என்று யாராவது சொன்னால், நீங்கள் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி கட்டுவதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

திங்கள்கிழமைதோறும் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிறார்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது. வருகிற திங்கள் போங்கள். ரசீது கையில் வாங்காமல் படி இறங்காதீர்கள்.