வேலையில்லாதவர் என்று யாரைச் சொல்வது?

போன வருசம் எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க ஒரு தம்பி வந்திருந்தார். யார் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அரசாங்கம் எடுக்கும் கணக்கு. உட்காரச் சொன்னோம், தண்ணீர் கொடுத்தோம், குடித்தார். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும். ஓமலூர்ப் பக்கம் எங்கள் தெருவுக்கு வருகிற எல்லோரும் குடிப்பதில்லை. அம்மாவிடம் கேட்டார்: "போன ஏழு நாள்ல ஏதாவது வேலை செஞ்சீங்களாம்மா?"

"ரெண்டு நாள் குச்சிக்கெழங்கு புடுங்கப் போனேன் சார். மத்த நாளு யாரும் கூப்புடல."

அம்மா வேலையில் இருப்பவர் என்று பதிந்துகொண்டார். அடுத்து நான். படிப்பு எம்.ஏ. தமிழ். அந்த வாரம் கூலி வரும்படியான வேலை ஒன்றும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். நான் வேலையில்லாதவர்.

அவர் போனபிறகு அம்மா சிரித்தது. "பொஸ்தகம் படிச்சிக்கிட்டு குந்தியிருக்கிற உனக்கு வேல இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போறாரு. அஞ்சு நாளு கூலியில்லாம கெடந்த எனக்கு வேல இருக்குதாம்."

அந்தத் தம்பிமேல் குற்றமில்லை. விதி அப்படி. 2017இல் தொடங்கிய தொழிலாளர் கணக்கெடுப்பில் 'நடப்பு வார நிலை' என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் அந்த வாரம் முழுக்க அவர் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்காமல், வேலை தேடியிருந்தால் அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருந்தால் வேலையில்லாதவர். தேடவும் இல்லை, தயாராகவும் இல்லை என்றால் தொழிலாளர் கணக்கிலேயே அவர் வரமாட்டார். அந்த ஒரு மணி நேர விதி இங்கு மட்டும் உள்ளது அல்ல, வேறு பல நாடுகளிலும் உண்டு. 2025 ஏப்ரல் கணக்கிலிருந்து இந்த எண்ணை மாதாமாதம் வெளியிடுகிறார்கள். அந்த முதல் மாதத்து எண் 5.1 சதவீதம். பேப்பரில் பார்த்துவிட்டு நூறு பேரில் ஐந்து பேருக்குத்தான் வேலை இல்லை என்று பேசிக்கொள்கிறோம். வேலைக்கு வந்தவர்கள், வர நினைத்தவர்கள் நூறு பேரில் ஐந்து பேர் என்பதுதான் அதன் பொருள். என் அம்மாவின் ஐந்து நாள் அந்த ஐந்து பேருக்குள் இல்லை.

ஒரே சனத்தை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். பழைய தேசிய மாதிரி ஆய்வு 2011-12இல் மூன்று விதமாக எண்ணியது. வருசம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் வேலையின்மை 2.2 சதவீதம். வாரத்தை வைத்தால் 3.7. ஒவ்வொரு நாளாக, அரை நாளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் 5.6. அதே வருசம், அதே நாடு. நாள் கணக்கில்தான் கூலிக்காரர்களின் சும்மா கிடந்த நாட்கள் தெரிந்தன. இப்போதைய கணக்கெடுப்பு அந்த நாள் கணக்கை ஒரு விகிதமாகத் தருவதில்லை. வேலையின்மையை ஒற்றை எண்ணில் சொல்லக்கூடாது என்று தாந்த்வாலா குழு 1970லேயே சொல்லிவிட்டது. பேப்பர்காரர்களுக்கு ஒற்றை எண்தான் வேண்டியிருக்கிறது.

எண் குறைந்தால் நல்லதுதானே என்பார்கள். வருசக் கணக்கில் 2017-18இல் 6.1 ஆக இருந்தது 2023-24இல் 3.2 ஆகக் குறைந்தது. அதே ஆண்டுகளில், வேலையில் இருப்பவர்களுக்குள் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவர்களின் பங்கு 13.6 சதவீதத்திலிருந்து 19.4 ஆக ஏறியது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8இலிருந்து 21.7 ஆக இறங்கியது. வேலை கூடியது உண்மை. கூலி இல்லாத வேலையும் அதில் சேர்ந்திருக்கிறது.

வாராவாரம் கணக்கு வெளியிடும் நாடும் உண்டு. அமெரிக்காவில் வேலை போனவர்கள் அரசிடம் உதவித்தொகை கேட்டு மனுப் போடுகிறார்கள். எத்தனை பேர் புதிதாகக் கேட்டார்கள், எத்தனை பேர் தொடர்ந்து வாங்குகிறார்கள் என்று வழக்கமாக வியாழக்கிழமைதோறும் அறிவிக்கிறார்கள். கொரோனா வந்த 2020 மார்ச் கடைசியில் ஒரே வாரத்தில் 60 லட்சத்துக்கு மேல் புது மனுக்கள். ஆனால் அது கேட்டவர்களின் கணக்கு. கேட்கத் தகுதி இல்லாதவர் அதில் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரத்தோடு உதவி நின்றுவிடும். அதன்பிறகும் வேலை கிடைக்காதவர் அந்தப் பட்டியலிலிருந்து உதிர்ந்துவிடுவார். பட்டியல் சுருங்கும், அவர் வீட்டில் ஒன்றும் மாறியிருக்காது. இந்த உதவித்தொகையைக் கொண்டுவந்த 1935ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் மிகப் பலர் செய்தது அந்த இரண்டு வேலைகளைத்தான். சட்டத்தில் நிறத்தின் பெயரே இல்லை. தொழிலின் பெயரைச் சொன்னால் போதுமாக இருந்தது. இந்த வித்தை நமக்குப் புதிதா?

இங்கே வருவோம். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருந்தவர்கள் 2022இல் 70 லட்சத்துக்கு மேல். மூன்று வருசத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பெயர் போய்விடும். எனக்கு ஒருமுறை அப்படிப் போனது. அந்த மாதம் அரசாங்கக் கணக்கில் வேலையில்லாதவர் ஒருவர் குறைந்தார். எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. 2006 முதல் உதவித்தொகையும் உண்டு. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. அதைக் கேட்கப் பதிந்து ஐந்து வருசம் காத்திருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருசத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. நமக்கு வயது வரம்பு 45, மற்றவர்களுக்கு 40. மூன்று வருசத்தோடு நின்றுவிடும்.

என் அண்ணன் ஏழாவதோடு நின்றவர். பத்தாவது பரீட்சையில் தவறுவதற்குக்கூட அதை எழுதியிருக்க வேண்டுமே. அவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பள்ளிபாளையம் பக்கம் ஒரு தறிப்பட்டறைக்குப் போனார். கல்யாணத்துக்கு முன்பணம் வாங்கியிருந்தார். பாக்கி தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. உடம்பு முடியாத நாளும் தறியில் நின்றார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. கணக்கெடுப்புத் தம்பி அங்கே போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஏழு நாளும் வேலை, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். எந்த அளவுகோலை வைத்தாலும் அண்ணன் முழு வேலையில் இருப்பவர்.

இங்கேதான் எனக்குக் கேள்வி எழுகிறது. பண்ணையாள் முறை இருந்த காலத்துச் சேரிகளில் வேலையின்மை எவ்வளவு இருந்திருக்கும்? கிட்டத்தட்டப் பூச்சியம். கைக்குழந்தைக்காரிக்கும் வேலை இருந்தது, மாடு மேய்க்கும் எட்டு வயசுப் பையனுக்கும் இருந்தது. வேலை இல்லை என்று ஒருவர் சொல்ல முதலில் அவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை வேண்டும். இந்த வேலையைச் செய்யமாட்டேன், வேறு வேலைக்குக் காத்திருப்பேன் என்று சொல்லக் கையில் நாலு நாளைக்கு அரிசியும் வேண்டும். சாவுக்குப் பறையடிக்கமாட்டோம், செத்த மாட்டைத் தூக்கமாட்டோம் என்று நம் பிள்ளைகள் நிறுத்தினால், ஊரில் என்ன பேசுகிறார்கள்? "வேலைவெட்டி இல்லாத பயலுவ, திமிரு." ஆமாம், அந்த வேலை அவர்களுக்கு இல்லாமல் போனது. அவர்களே போக்கினார்கள்.

1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார். தொழில் மாறிக்கொள்ள விடாததால் நாட்டின் வேலையின்மைக்குச் சாதியே ஒரு நேரடிக் காரணமாகிறது என்பது அவர் வாதம். ஒரு தொழில் நசிந்தால் மனிதன் அடுத்த தொழிலுக்குப் போகவேண்டும். சாதி விடாது. சாதி விதித்த வேலையில் இருந்தால் அடிமை, அதை விட்டால் வேலையில்லாதவர். பொருளாதாரப் பட்டியல்களில் இந்த இரண்டாவது மட்டும்தான் பிரச்சினையாகத் தெரிகிறது. முதலாவதை 'வேலை' என்ற பத்தியில் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

அதற்காக எண்களைக் குப்பையில் போடச் சொல்லவில்லை தோழர்களே. எண்ணிக்கையை வைத்துத்தான் இடஒதுக்கீடு கேட்டோம். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்ததும் எண்ணிக்கையைக் காட்டித்தான். எண்ணப்படாதவனுக்குப் பங்கு கிடையாது. எந்த எண்ணைப் பார்த்தாலும் சில கேள்விகளை முதலில் கேட்கவேண்டும் என்கிறேன். இது தேடிப்போய் எண்ணியதா, மனுப் போட்டவர்களை மட்டும் எண்ணியதா? வருசமா, வாரமா, நாளா? பட்டியலிலிருந்து போனவர் வேலைக்குப் போனாரா, அலுத்துப் போனாரா? வேலையில் இருக்கிறார் என்றால் எந்த வேலையில், என்ன கூலியில், விட்டுவிட்டு வரமுடிகிற வேலையிலா? எங்கள் தெருவுக்குத் தனியாக, ஊருக்குத் தனியாகப் பிரித்துக் காட்டினால் எப்படி இருக்கும்?

கேட்டதற்கு ஆதாரமும் வேண்டும். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் படி தரவேண்டும் என்று இருந்தது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். அதை வாங்கத் தேதி போட்ட ரசீது வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் வாயால் கேட்டார்கள், "வேல வந்தா சொல்றோம்" என்று வாயாலேயே பதில் வந்தது. ரசீது இல்லை என்றால் கேட்டதாகவே கணக்கில்லை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றினார்கள், 100 நாளுக்குப் பதில் 125 நாள் என்கிறார்கள். நாள் எத்தனையானாலும் ரசீதைக் கேட்காமல் விடக்கூடாது.

எங்கள் தெருவில் இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். வேலைக்குப் போன நாள், கூலி எவ்வளவு, கேட்டும் கிடைக்காத நாள், வேண்டாம் என்று மறுத்த நாள், ஏன் மறுத்தோம். எழுதுகிறவள் பத்தாவது படிக்கும் ஒரு பெண். முதல் வாரம் அம்மா முறை வந்தது. கிழங்கு பிடுங்கிய ரெண்டு நாளைச் சொல்லிவிட்டு எழுந்திரிக்கவில்லை.

"மீதி அஞ்சு நாளையும் எழுது சாமி. அதுவும் நாந்தான் இருந்தேன்."