பாட்டிக்கு இடம் உண்டா?

பாட்டியின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்த இரவு, சித்தி என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது. "கடைசி நேரத்துலயாவது இயேசப்பாவ ஏத்துக்கிட்டிருக்கலாம்டா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இப்ப எங்க போவாங்க?" என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பாட்டி முப்பது வருஷம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கேற்றியவர். பக்கத்து வீட்டில் பிரசவத்தில் தாய் செத்துப்போக, ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் இருந்தும் அந்தக் குழந்தையைத் தூக்கி வந்து ஐந்தாவதாக வளர்த்தவர். அந்தக் குழந்தைதான் சித்தி. அப்படிப்பட்டவருக்கே இடமில்லை என்றால் அது என்ன பரலோகம்?

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சித்தி கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, இனி பாட்டியைப் பார்க்கவே முடியாதோ என்ற பயத்தில் கேட்டார். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. இயேசுவை விசுவாசிப்பதால் மட்டுமே இரட்சிப்பு என்பது நியாயமா? நான் கிறிஸ்தவன் இல்லை. இருந்தாலும் இந்தக் கேள்வியை வெளியே நின்று கல்லெறிவதுபோல் கேட்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட கேள்வி இது.

கோபத்தோடு அணுகினால் இந்தக் கோட்பாடு எந்தத் தவிப்பிலிருந்து வந்தது என்பது தெரியாமல் போய்விடும். மார்ட்டின் லூதர் துறவு மடத்தில் இருந்தபோது நோன்பு, இரவு விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் என்று தன்னை வருத்திக்கொண்டவர். அப்படியும் 'இது போதுமா?' என்ற பயம் அவரை விடவில்லை. எவ்வளவு செய்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாத கணக்கு அது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் அவருக்கு ஒன்று புரிந்தது. அப்படி ஒரு கணக்கே கிடையாது. கடவுள் இலவசமாகத் தருவதை நம்பி வாங்கிக்கொள்வதுதான் மனிதன் செய்யக்கூடியது. 1522இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், ரோமர் மூன்றாம் அதிகாரத்தில், கிரேக்க மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். விசுவாசத்தால் மட்டும். 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் அதை மறுத்தது. இரண்டு தரப்பும் இதைப் பற்றிய அடிப்படை விஷயங்களில் தங்களுக்குள் ஒத்த கருத்து இருப்பதாகக் கூட்டறிக்கையில் கையெழுத்திட 1999 அக்டோபர் 31 வரை ஆனது.

தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான சண்டையும் இல்லை. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். கடவுளிடம் மனிதன் எந்தக் குட்டி என்று வைணவத்தில் வடகலையும் தென்கலையும் காலங்காலமாக வாதிட்டிருக்கின்றன. வைணவக் குடும்பத்தில் பிறந்து பின்னாளில் கிறிஸ்தவராகி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச்.ஏ. கிருஷ்ண பிள்ளைக்குக் கிருபை என்ற எண்ணம் புதிதாக இருந்திருக்காது. லூதர் பூனைக்குட்டி கட்சி என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

சரி, தன்னைத் தானே வதைத்துக்கொண்ட ஒரு துறவிக்கு இது ஆறுதல். அடுத்தவரை வதைத்தவனுக்கும் இதே ஆறுதல் உண்டா?

இந்தக் கேள்வி நிஜமாகவே ஒருவர் முன்னால் வந்து நின்றது. ஹென்றி கெரெக்கி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த லூத்தரன் போதகர். ஜெர்மன் பேசத் தெரிந்தவர் என்பதால் நூரம்பெர்க் விசாரணையின்போது நாஜித் தலைவர்களில் புராட்டஸ்டண்டுகளாக இருந்தவர்களுக்கு ராணுவப் போதகராக நியமிக்கப்பட்டார். அவருடைய மகன்களும் அதே போரில் ஜெர்மனிக்கு எதிராகச் சண்டையிட்டவர்கள். அவரிடம் நற்கருணை வாங்கியவர்களில் ஒருவர் வில்ஹெல்ம் கைட்டல். எதிர்ப்பவர்களைத் தடயமே இல்லாமல் காணாமல் ஆக்கும் ஆணையில் கையெழுத்துப் போட்ட தளபதி. இன்னொருவர் ஃப்ரிட்ஸ் சாவ்கெல். 50 லட்சம் அளவிலான வெளிநாட்டவரை ஜெர்மனிக்கு வேலைக்குக் கொண்டுவந்தவர், அவர்களில் பெரும்பாலோரைக் கட்டாயமாக. சயாம் மரண ரயில் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்குக் கட்டாய உழைப்பு என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹெர்மன் கோரிங்கும் நற்கருணை கேட்டார். ஆனால் இயேசுவைக் கடவுளாக ஏற்க அவர் தயாராக இல்லை. கெரெக்கி மறுத்துவிட்டார். 1946 அக்டோபர் 15 இரவு, தூக்குக்குச் சற்று முன்பு, கோரிங் சயனைடு விழுங்கிச் செத்தார். மற்ற பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஊர் திரும்பிய கெரெக்கிக்கு வசைக் கடிதங்கள் வந்தன. அந்த மனிதர்களிடம் அன்பாக எப்படி இருக்க முடிந்தது என்று கேட்டார்கள்.

எனக்குக் கைட்டல் மன்னிக்கப்பட்டிருக்கலாம் என்பது பெரிய பிரச்சினை இல்லை. மன்னிப்புக்கு எல்லை போட ஆரம்பித்தால் கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது, ஒருநாள் அது நம் காலடியிலேயே விழலாம். என் பிரச்சினை வேறு. கோட்பாட்டைக் கறாராகப் பிடித்தால், கடைசி மாதங்களில் விசுவாசித்த சாவ்கெல் உள்ளே. அதே ஆட்சி கொன்ற லட்சக்கணக்கான யூதர்கள், இயேசுவை ஏற்காததால், வெளியே. இதைக் கேட்டு வயிறு கலங்காதவரோடு எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

பாதிக்கப்பட்டவரின் தலைக்கு மேலேயே மன்னிப்பு கைமாறிப் போகிறது. சைமன் வீசந்தால் 'சூரியகாந்தி' என்ற நூலில் எழுதிய சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். சாகக் கிடக்கும் ஒரு நாஜிப் படைவீரன், முகாம் கைதியான அவரைக் கூப்பிட்டு யூதர்களைக் கொன்றதற்கு மன்னிப்பு கேட்கிறான். அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியேறுகிறார். கொல்லப்பட்டவர்களின் சார்பில் மன்னிக்க அவர் யார்?

இங்கேதான் பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் எனக்கு உதவியது. தன்மை, முன்னிலை, படர்க்கை.

விசுவாசத்தால் இரட்சிப்பு என்பதைத் தன்மையில் சொன்னால் அது சாட்சி. 'எனக்குத் தகுதியில்லை, ஆனாலும் நான் ஏற்கப்பட்டேன்.' லூதர் அப்படித்தான் அதைக் கண்டுபிடித்தார். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனும் தன் தண்டனை தனக்குத் தகும் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் தன்னை நினைத்துக்கொள்ளும்படி கேட்டான். முன்னிலையில் சொன்னால் அது அழைப்பு. கெரெக்கி ஒவ்வொரு சிறை அறையாக ஏறி இறங்கிச் செய்தது அதுதான். கோரிங்கிடம் மறுத்ததும் முன்னிலையில்தான். எதிரே இருந்த மனிதரிடம், நீங்களே நம்பாததை நான் எப்படித் தருவது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மறுப்பு அது. படர்க்கையில் சொன்னால்? 'அவன் உள்ளே, அவள் வெளியே.' அதே கோட்பாடு, அதே சொற்கள். ஆனால் சாட்சி தீர்ப்பாக மாறிவிடுகிறது. தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் தான் உட்காரவில்லை என்பதுதான் விசுவாசத்தின் முதல் பாடமே.

கெட்ட குமாரன் கதையை இப்படிப் படித்துப் பாருங்கள். சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்கு விருந்து நடக்கிறது. மூத்தவன் உள்ளே வர மறுக்கிறான். அவன் வாயில் 'என் தம்பி' என்ற சொல் வரவில்லை. அப்பாவிடம் பேசும்போது 'உம்முடைய மகன்' என்றுதான் சொல்கிறான். அப்பாவின் பதிலில் அது 'உன் தம்பி' என்று திருத்தப்படுகிறது. மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்று கதை சொல்வதில்லை.

இந்த இடத்தில் எனக்கே ஓர் அடி விழுந்தது. பாட்டிக்காக நான் போட்ட பட்டியலைப் பாருங்கள். முப்பது வருஷ பால்மரம், வெள்ளிக்கிழமை விளக்கு, வளர்த்த ஐந்து பிள்ளைகள். அதுவும் கணக்குதானே? பட்டியல் நீளமாக இருப்பதால் பாட்டிக்கு இடம் கேட்கிறேன். பட்டியலே இல்லாதவர்கள் என்ன ஆவார்கள்? எங்கள் பெரியப்பா குடித்தே செத்தார். அவருக்காக எழுத என்னிடம் ஒரு வரி இல்லை. சித்தியின் கோட்பாட்டில் அவருக்குக் கடைசி மூச்சுவரை ஒரு வாசல் திறந்திருந்தது. என் நியாயத்தில் அதுகூட இல்லை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். வீடு தீப்பிடித்தால் உள்ளே இருப்பவரைக் கூப்பிடாமல் இருப்பது அன்பா என்று விசுவாசிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உயிரோடு இருப்பவரிடம் சொல்வது முன்னிலை, அதில் எனக்குத் தகராறு இல்லை. பாட்டியும் சித்தி சொன்னதையெல்லாம் வெற்றிலை மென்றுகொண்டே கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சவப்பெட்டிக்கு அருகே சொல்லும்போது அது யாரையும் காப்பாற்றுவதில்லை. அப்போது அது படர்க்கை.

படர்க்கையிலும் கருணையோடு பேச முயன்றவர்கள் உண்டு. தங்கள் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல் போனவர்களும் மீட்பு அடையலாம் என்று 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. கார்ல் ரானர் என்ற இறையியலாளர் அப்படிப்பட்டவர்களைப் 'பெயரற்ற கிறிஸ்தவர்கள்' என்றார். நல்ல மனசுதான். ஆனால் மாரியம்மனைக் கும்பிட்ட என் பாட்டியைக் கேட்காமலேயே கிறிஸ்தவர் ஆக்குவதும் படர்க்கைத் தீர்ப்புதான், இனிப்பு தடவியது. 'தெரியாது' என்று சொல்வது அதைவிட மரியாதையாகப் படுகிறது.

இதனால் விசுவாசம் என்பது அடுத்தவரைப் பற்றிக் கவலைப்படாத தனிச்சொத்து என்று ஆகிவிடாது. இயேசு தன் வீட்டுக்கு வந்ததும் சகேயு என்ற வரி வசூலிப்பவன் செய்த காரியம், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னது. கிருபை இலவசம், ஆனால் கிடைத்த கையோடு அது கடன்காரனைத் தன்னால் பாதிக்கப்பட்டவரின் வாசலுக்கு அனுப்புகிறது. எதையும் மாற்றாத மன்னிப்பை 'மலிவான கிருபை' என்று 1937இல் எழுதிய டீட்ரிக் போன்ஹோஃபரும் லூத்தரன்தான். 1945 ஏப்ரலில் நாஜிகள் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பாட்டியின் கருமாதிக்கு முதல் நாள் சித்தி வந்தார். பூஜை பக்கம் போகவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எப்படிச் சபைக்குப் போக ஆரம்பித்தார் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"நான் ஒண்ணுமே செய்யலடா. உடைஞ்சு போய் கிடந்தேன், தூக்கிக்கிட்டார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆத்தா செத்த வீட்டுலேர்ந்து அம்மா என்னைத் தூக்கிட்டு வந்தாங்கல்ல, அந்த மாதிரி. அப்பவும் நான் என்ன செஞ்சேன்? அழுதுட்டுக் கிடந்தேன்" என்றார்.

அதை நான் முழுசாக நம்பினேன். மறுத்துப் பேச ஒரு வார்த்தை வரவில்லை.

வெங்காயம் பாதி முடிந்திருந்தது. சித்தி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணக் கூடாதுன்னு எங்க சபையில சொல்லுவாங்க. நான் அம்மாவுக்காகத் தினமும் பண்றேன். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."