விருப்பக் குறியும் வாய்மையும்

பொய்யுரைத்தல் தீது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் பொய் என்று சுட்டத்தக்க ஒரு சொல்லும் இல்லாமலே ஒருவருடைய பேச்சு வாய்மையினின்றும் வழுவிவிடக் கூடுமா? இணையத்தில் எழுதுவோரையும், அவர்தம் எழுத்துக்குக் கிட்டும் எண்ணிக்கைகளையும் பரிசுகளையும் நோக்குங்கால் இவ்வினா எழுகின்றது. கூடும் என்பதே நம் கருத்து.

முதலில் சிறியதோர் எடுத்துக்காட்டைக் காண்போம். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமையுள்ள கணினி நிரல்கள் பல உண்டு. அவற்றுள் பலவற்றைத் தொண்டர்கள் தம் ஓய்வு நேரத்தில் பேணிச் செப்பனிட்டு வருகின்றனர். இத்தொண்டினை ஊக்குவிக்க எண்ணிய டிஜிட்டல் ஓஷன் என்னும் நிறுவனம், 2014-ஆம் ஆண்டில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' என்ற அக்டோபர் மாத விழாவைத் தொடங்கியது. 2020-இல் நான்கு திருத்தங்களை அனுப்பி முடிப்போருக்கு ஒரு பனியன் சட்டை பரிசு என அறிவிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆயினும் மாதத்தின் முதல் நாளிலேயே பயனற்ற திருத்தங்கள் வெள்ளமெனக் குவிந்தன. நிரலின் அறிமுகப் பக்கத்தில் 'அருமையான' என்பது போன்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்து அனுப்பினோர் பலர். நிரலைப் பேணுவோர் தம் பணியை விடுத்துக் குப்பை அள்ள வேண்டியதாயிற்று. மூன்றாம் நாளே, விழாவில் பங்குகொள்ள இசைந்த நிரல்களுக்கு அனுப்பப்படும் திருத்தங்கள் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும் என்று விதி மாற்றப்பட்டது.

'அருமையான' என்ற அச்சொல்லில் பொய் ஏதுமில்லை. அந்நிரல் மெய்யாகவே அருமையானதாக இருந்திருக்கலாம். ஆனால் எழுதியவர் நிரலைப் பார்த்து எழுதவில்லை; சட்டையைப் பார்த்து எழுதினார்.

சட்டைக்காக நிகழ்ந்தது சிரித்துவிட்டுப் போகத்தக்கது. அடுத்துக் கூறப்போவது அத்தகையதன்று. ஃபேஸ்புக் நிறுவனம் 2009-இல் 'லைக்' எனும் விருப்பக் குறியை அமைத்தது. 2016-இல் அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், சினம் ஆகியவற்றைக் காட்டும் குறிகளையும் சேர்த்தது. எந்தப் பதிவை எத்தனை பேர் கண்முன் கொண்டுபோய் வைப்பது என்று கணிக்கும்போது, 2017 முதல் இப்புதிய குறி ஒவ்வொன்றுக்கும் விருப்பக் குறியைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு அளிக்கப்பட்டது. சினத்திற்கும் அதே ஐந்து மடங்குதான். சினத்தைக் கஷாயங்களுள் முதலாவதாக எண்ணிப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். கணிப்பொறிக்கோ சினமும் ஓர் எண்ணே. 2018-இல், மக்களிடையே உரையாடலை மிகுவிக்கும் பதிவுகளுக்கே முதலிடம் என்ற மற்றொரு மாற்றமும் செய்யப்பட்டது.

இவற்றால் விளைந்ததை 2021-இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களே கூறுகின்றன. போலந்து நாட்டில் ஓர் அரசியல் கட்சியின் பதிவுகளைக் கவனித்து வந்தோர், முன்பு பாதிக்குப் பாதியாக இருந்த ஆக்கமும் தாக்குதலும், அம்மாற்றத்திற்குப் பின் நூற்றுக்கு எண்பது தாக்குதல் என்றாகிவிட்டதாக மதிப்பிட்டனர். கணிப்பு முறை மாறியதே காரணம் என்றும் வெளிப்படையாகவே கூறினர். அத்தாக்குதல்களில் உண்மையான குறைகளும் இருந்திருக்கலாம். எனினும் எதைச் சொல்வது, எதை விடுப்பது என்று தீர்மானித்தது நாட்டின் நன்மையன்று, எண்ணிக்கையே.

பரிசு ஏன் இவ்வாறு மனத்தைத் திருப்புகின்றது? 1973-இல் அமெரிக்க உளவியலாளர்களான மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள மழலைப்பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். 'வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம்' என்று ஒரு பிரிவினரிடம் முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே தந்தனர். இரண்டாம் பிரிவினருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் தந்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமே தரவில்லை. ஓரிரு வாரங்கள் கழிந்தபின், தாமாக விளையாடும் நேரத்தில் அக்குழந்தைகளைக் கவனித்தனர். பரிசு உறுதி கூறப்பட்ட குழந்தைகள், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். முன்னர்ப் பரிசுக்கென அவர்கள் வரைந்த படங்களும் தரத்தில் தாழ்ந்தே இருந்தன. சொல்லாமல் பரிசு பெற்றவர்களோ குன்றவில்லை.

இவ்விரண்டாம் பிரிவே நம் கருத்தில் முக்கியமானது. தானே வந்த பாராட்டு எவரையும் கெடுக்கவில்லை. முன்னே நிறுத்தி நோக்கப்பட்ட பாராட்டே கெடுத்தது. அன்றாடப் பேச்சில் நிதானம் என்றால் பதற்றமின்மை. நம் சாத்திரங்களில் அச்சொல்லுக்கு முற்றிலும் வேறு பொருள்: நோற்கும் நோன்பிற்குப் பயனாக இன்ன போகம் கிட்டுக என வேட்பதே நிதானம். மாயை, மித்தியாத்துவம் ஆகியவற்றோடு இதனையும் சேர்த்துச் சல்லியம், அதாவது உள்ளே தைத்த முள் என்பர் உரையாசிரியர். சல்லியம் நீங்கியவனே விரதி என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கொள்கை. சத்திய விரதத்திற்கும் இது பொருந்தாதா?

இனி, குற்றம் யாருடையது? 'மக்கள் அழுத்துவதை எண்ணுகிறோம், வேறொன்றும் செய்யவில்லை' என்பர் நிறுவனத்தார். 'மக்கள் விரும்புவதையே எழுதுகிறோம்' என்பர் எழுதுவோர். 'ஒரு பொத்தானைத் தொட்டேன், அவ்வளவுதான்' என்பார் படிப்பவர். மூவரும் மற்ற இருவரைச் சுட்டுகின்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூவகையாக்கிய நம் முன்னோர் இம்மூவரில் ஒருவரையும் விட்டுவிடவில்லை. உடன்படுவோர் இல்லையேல் இச்சந்தையே நடவாது. ஆயினும் பெருஞ்சுமை செய்விப்போருடையது என்றே நாம் கருதுகிறோம். மதிப்பினைக் குறிப்பவரும் அதனை மாற்ற வல்லவரும் அவரே. சினக் குறியின் மதிப்பை அந்நிறுவனம் படிப்படியாகக் குறைத்து, 2020 செப்டம்பரில் பூச்சியமாக்கியது. தவறான செய்திகளும் மனத்தைக் கலக்கும் பதிவுகளும் குறைந்தன. மக்கள் அத்தளத்தைப் பயன்படுத்துவது குறையவில்லை. அத்தனை ஆண்டுகள் ஊட்டி வளர்த்த சினம் அவர்தம் வாணிகத்திற்கும் தேவைப்படவில்லை போலும்!

நம் இல்லங்களுக்கும் இவ்வினா வந்துவிட்டது. தசலட்சண பருவத்தில் பத்து வயதுக் குழந்தை, எவரும் வற்புறுத்தாமல், முதன்முறையாக ஒருநாள் உபவாசம் இருக்கின்றது என்று கொள்வோம். பெற்றோர் மகிழ்ந்து படமெடுத்து ஊரறியப் பதிவிடுகின்றனர். இது பிரபாவனைதானே என்று கேட்பார் உளர். நோன்பைக் கண்டு மகிழ்வதும் அனுமோதனையே, அதற்கும் நற்பயன் உண்டு, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் மாலையில் 'இருநூறு பேர் விரும்பியிருக்கிறார்கள், பார்' என்று குழந்தையிடம் காட்டும் அந்த நொடியில், அது இரண்டாம் பிரிவிலிருந்து முதற்பிரிவுக்கு மாற்றப்படுகின்றது. அடுத்த ஆண்டின் உபவாசத்திற்குப் பரிசு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டாயிற்று.

பாரணை முடிந்தபின் தாத்தாவோ பாட்டியோ அருகழைத்து இரண்டு சொல் பாராட்டட்டும். படம் எடுப்பதானால் வீட்டு ஆல்பத்தில் வைக்கலாம். வெளியூரிலுள்ள அத்தைக்கும் மாமனுக்கும் தனியே அனுப்புவதிலும் தவறில்லை. அவர்கள் தொலைபேசியில் அழைத்துக் குழந்தையோடு பேசுவார்கள், 'பசித்ததா கண்ணே' என்று கேட்பார்கள்.