யூதாசுக்குக் கொடுத்த அப்பம்

1995-இல் வெளிவந்த ‘தி லாஸ்ட் சப்பர்’ என்ற அமெரிக்கப் படத்தைப் பேய்ப்படம் என்று சொல்ல முடியாது. ஹாஸ்யப் படம் என்று மட்டும் சொல்லிவிடவும் மனம் துணிவதில்லை. டான் ரோஸன் எழுதி ஸ்டேசி டைட்டில் என்ற பெண்மணி இயக்கிய இப்படம், கொஞ்சப் பணத்தில், பெரும்பாலும் ஒரே வீட்டின் சாப்பாட்டு மேஜையைச் சுற்றியே எடுக்கப்பட்டது. சிரிப்பதா, அஞ்சுவதா என்று பார்ப்பவன் தீர்மானிப்பதற்குள் அடுத்த பிரேதம் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. அந்த மண்ணிலேயே தக்காளிச் செடிகள் அமோகமாகக் காய்க்கவும் செய்கின்றன.

அயோவா மாகாணத்தில் மேற்படிப்புப் படிக்கும் ஐந்து சிநேகிதர்கள் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள். விருந்தாளி ஒருவரை அழைத்து உணவுடன் சம்பாஷணையையும் பரிமாறுவது அவர்கள் வழக்கம். மழை கொட்டும் ஓரிரவில், கார் கெட்டு நின்ற தங்களில் ஒருவனைத் தன் வண்டியில் கொண்டுவந்து விட்ட அந்நியனையும் உபசரித்து உட்கார வைக்கிறார்கள். அவனோ, யூதர்களை ஹிட்லர் கொன்றது பொய் என்று வாதிட்டு, மேஜையில் இருந்த யூத இளைஞன்மேல் கத்தியை நீட்டி, கைகலப்பில் ஒருவனுடைய கையை முறித்து, கடைசியில் முதுகில் குத்துப்பட்டுச் சாகிறான். இதுவரை நடந்ததைத் தற்காப்பு என்று ஓரளவு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதன்பின் அந்த ஐவரும் உட்கார்ந்து ஆராயும் கேள்விதான் படத்தின் உயிர்: காலத்தில் பின்னோக்கிச் சென்று, இன்னும் ஒரு பாபமும் செய்திராத, சித்திரம் பழகும் வாலிபனான ஹிட்லருடன் ஒரே மேஜையில் பானம் அருந்தும் சந்தர்ப்பம் வாய்த்தால், அவன் கோப்பையில் விஷம் கலப்பது தர்மமா? தர்மம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, துஷ்ட அபிப்பிராயம் உடையவர்களை ஒவ்வொருவராக விருந்துக்கு அழைத்து, மனம் மாற அவகாசம் கொடுத்து, மாறாதவர்களுக்குப் பாஷாணம் கலந்த ஒயினை ஊற்றத் தொடங்குகிறார்கள்.

இல்வலன், வாதாபி கதையைக் கேட்டுச் சிரித்து வளர்ந்த நமக்கு, விருந்தாளியைக் கொல்லும் விருந்தில் ஹாஸ்யம் இருப்பது புதுமையன்று. அங்கே கொல்பவன் அசுரன். இங்கேயோ, நன்றாகப் படித்த, நல்லெண்ணமுள்ள பிள்ளைகள்.

ஹிட்லரைப் பற்றிய அந்தக் கேள்விக்கு, ஓர் உயிருக்கு எதிரே லட்சக்கணக்கான உயிர்கள் என்று கணக்குப் போட்டுப் பதில் சொல்பவர்கள் அநேகர். எனக்கு அந்தக் கணக்கில் ருசியில்லை. மனிதன் எவனுக்கும் இல்லாத ஞானத்தை முன்கூட்டியே இனாமாகக் கொடுத்துவிட்டுத்தான் அந்தக் கேள்வியே ஆரம்பிக்கிறது. வியன்னா நகரத்துக் கலைக் கழகம் 1907-லும் 1908-லும் அந்த வாலிபனைச் சேர்க்க மறுத்தபோது, அங்கே இருந்தவர்கள் கண்டது சுமாராக வரையத் தெரிந்த ஓர் ஏழைப் பையனை மட்டுமே. என் யோசனை, கொல்லலாமா என்பதைவிட, அழைத்து உட்காரவைத்துக் கொல்லலாமா என்பதிலேயே நிற்கிறது.

கொடுங்கோலனைக் கொல்லலாம் என்று துணிந்து எழுதிய ஒரு குருவே இந்த இடத்தில் தயங்கி நின்றிருக்கிறார். ஸ்பெயின் தேசத்து இயேசு சபையைச் சேர்ந்த ஹுவான் தெ மரியானா, 1599-இல் அரச தர்மத்தைப் பற்றி வெளியிட்ட லத்தீன் நூலில், விஷமிட்டுக் கொல்லலாமா என்பதைத் தனி அத்தியாயமாகவே விசாரிக்கிறார். உணவிலும் பானத்திலும் விஷம் கலக்கக் கூடாதாம். ஏனெனில் உண்பவன் தன் கையாலேயே எடுத்து உண்டு, அறியாமலேயே தன் கொலைக்குத் தானே உடந்தையாகிவிடுகிறான். ஆசனத்திலோ ஆடையிலோ தடவி வைக்கலாமாம். அதில் அவனுடைய செய்கை கலக்கவில்லை. 1610-இல் பிரான்ஸ் மன்னன் நான்காம் ஹென்றி குத்திக் கொல்லப்பட்ட சில வாரங்களில் பாரிஸ் நகரில் இந்த நூலைக் கொளுத்தினார்கள். நாற்காலிக்கும் கோப்பைக்கும் அவர் காணும் பேதத்தைப் படிக்கையில் எனக்கும் சிரிப்பு வந்தது. எனினும் சிரிப்பு அடங்கியபின், அந்தக் காரணத்தின் கூர்மை மனத்தில் தைக்கிறது. அயோவா வீட்டு விருந்தாளியோ இருமுறை உடந்தையாகிறான்: தன் வாயாலேயே பேசித் தனக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்கிறான், அதே வாயால் பருகி அதை நிறைவேற்றிக்கொள்ளவும் செய்கிறான். எய்ட்ஸ் நோயைக் கடவுள் அனுப்பிய மருந்தாகப் புகழும் பாதிரியார் ஆகட்டும், பூமியின் கேட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்பவர் ஆகட்டும், தம்மைக் கேட்டவர்கள் பதிலை அறிய விரும்பிக் கேட்டார்கள் என்று நம்பித்தான் பேசினார்கள்.

படம் தன் பெயரைக் கடன் வாங்கிய, இயேசுவின் அந்தக் கடைசி இராப்போஜனத்தை இங்கே நினையாமல் இருக்க முடியாது. தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் யார் என்பதை, ஐந்து மாணவர்களுக்கும் கிட்டாத நிச்சயத்துடன், அந்த மேஜையின் தலைவர் அறிந்திருந்தார். அறிந்தே அப்பத்தைத் தோய்த்து யூதாசின் கையில் கொடுத்தார் என்று யோவானின் சுவிசேஷம் சொல்கிறது. துரோகிக்கும் திருவிருந்து கிடைத்ததா என்று கிறிஸ்தவ ஆசாரியர்கள் வெகுகாலம் வாதிட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமாஸ் அக்குவினாஸ், கிடைத்தது என்றே தீர்மானித்து, அதற்குக் கூறும் காரணம் வியக்கத்தக்கது: யூதாசின் பாபம் மறைவானது, குற்றம் சாட்டுபவனும் வெளிப்படையான சாட்சியமும் இல்லாமல் அவனைப் பந்தியிலிருந்து விலக்கியிருந்தால், பிற்காலத்துக் குருமார்கள் அதையே முன்மாதிரியாகக் கொண்டு தங்களுக்குத் தோன்றியவர்களையெல்லாம் விலக்கத் தொடங்குவார்கள். சர்வமும் அறிந்தவர், அறியாதவர்களை உத்தேசித்துத் தம் ஞானத்தைப் பிரயோகிக்காமல் இருந்தார் என்பதே இதன் தாத்பரியம். அன்பைப் பற்றிய பிரசங்கங்கள் பல கேட்டிருக்கிறேன். இவ்வளவு வறண்ட, சட்டப் புஸ்தகம் போன்ற இந்த நியாயத்தில் இருக்கும் கருணை அவற்றில் எனக்குக் கிட்டியதில்லை.

விருந்துக்கு அழைத்துக் கொல்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதை இத்தாலியக் கவி தாந்தே தம் நரக காவியத்தில் சொல்கிறார். பாயென்ஸா ஊரைச் சேர்ந்த ஆல்பெரிகோ என்ற துறவி, 1285-இல் தன் உறவினனையும் அவன் மகனையும் சமாதானம் என்று சொல்லி விருந்துக்கு அழைத்து, ‘பழங்களைக் கொண்டுவாருங்கள்’ என்பதைச் சமிக்ஞையாக வைத்துக் கொல்வித்தவன். நரகத்தின் அடித்தளத்துப் பனியில் தாந்தே அவனைக் கண்டபோது, பூமியில் அவன் இன்னும் சாகவேயில்லை. இந்தப் பாபத்தில் மட்டும் ஆத்மா முன்னதாகவே விழுந்துவிடும். சரீரத்தை ஒரு பிசாசு ஏற்று, ஆயுள் முடியும்வரை உண்டும் உடுத்தும் உலவச் செய்யும். இதைவிடப் பயங்கரமான ஹாஸ்யத்தை எந்தப் படமும் காட்டியதில்லை. ஐவரும் நாளுக்கு நாள் விசாரணையைச் சுருக்கி, மன்னிக்கத்தக்க மூடத்தனத்துக்கும் அதே புட்டியைத் திறந்து, தோட்டத்துத் தக்காளியைச் சமையலில் சேர்த்துக்கொண்டு வாழ்வதைப் பார்க்கையில், பனிக்குள் யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்றே தோன்றுகிறது.

கடைசி விருந்தாளியாக வருகிறான் நார்மன் ஆர்பத்நாட். தொலைக்காட்சியில் துவேஷத்தை விற்றுப் பிழைப்பவன். ரான் பெர்ல்மன் வெகு நயமாக நடித்திருக்கிறார். ஹிட்லர் கேள்வியை அவனிடமும் கேட்கிறார்கள். ‘கொல்லமாட்டேன், அவனோடு பேசி அவன் மனத்தை மாற்றுவேன்’ என்கிறான். ஐவரும் திகைத்துப்போகிறார்கள். சற்று நேரத்தில் வீட்டின் ரகசியத்தை அவனே கண்டுகொண்டு, அந்த ஒயினையே அவர்களுக்கு ஊற்றி, தான் மட்டும் சுருட்டோடு நிறுத்திக்கொள்கிறான். அவர்கள் இறந்து கிடப்பதைப் படம் ஓர் ஓவியமாகக் காட்டி முடிக்கிறது. அவனே பிற்கால ஹிட்லர், அவனைத் தப்பவிட்டதுதான் பிழை என்று கொள்பவர்கள் உண்டு. அந்த முடிவு எனக்குச் சம்மதமில்லை. அவன் பேசியது உபாயமாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க மேஜையைவிடத் தகுந்த இடம் வேறில்லை. அந்த ஐவரோ விருந்தாளியைத் தனியே உட்காரவைத்துவிட்டு, அவனைக் கொல்லலாமா என்று விவாதிக்க அடுத்த அறைக்குப் போனார்கள்.